குளிர்வீட்டில் குழந்தை

செங்குத்தாக ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. அடிவாரத்திலுள்ள பழனி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டரில். ஒரே நாள், ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே பதினொன்று பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருப்பதற்கு இதுவே காரணம். காற்றழுத்தமும் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடுகிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இன்னொரு டம்ளர் காப்பி குடித்துவிட்டால் பெரியவர்களுக்குக் குளிர் தீர்ந்தது. மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தைக்கு அப்படித் தீராது. அதன் தூக்கம், குளியல், பால், சோறு, மூச்சு எல்லாவற்றையும் இந்த வெப்பமும் அழுத்தமும் தொடுகின்றன.

இந்தக் குளிரே குழந்தைகளைக் காத்த காலமும் உண்டு. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக் குடியேறின. சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பெரியவர்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்திருந்த மிஷன் அது. மலைக்காற்று நல்லது என்பதற்கு மேல் அன்று யாருக்கும் விளக்கம் தெரியாது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் காட்டியது 1897-இல்தான். வெப்பம் 16 முதல் 18 டிகிரிக்குக் கீழே போனால் மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து முடிப்பதில்லை. கொடைக்கானலின் பகல் வெப்பமே பெரும்பாலும் 17 முதல் 20 டிகிரியைச் சுற்றி நிற்கிறது. இரவில் இன்னும் இறங்குகிறது. காரணம் தெரியாமலே சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே பளியரும் குன்னுவரும் இந்த மலைகளில் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். கொடைக்கானல் நகரை விடுத்து, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்களையும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களையும் பார்த்தால்தான் இந்த வாழ்க்கை முழுதாகப் புரியும்.

பிறந்த குழந்தைக்குக் குளிர் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு விடை அதன் அளவில் இருக்கிறது. உடல் வெப்பத்தை உண்டாக்குவது தசையும் உறுப்புகளும், இழப்பது தோல். மூன்று கிலோ குழந்தையின் தோல் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். அறுபது கிலோ எடையுள்ள தாய்க்கு அது 1.6 சதுர மீட்டரைத் தாண்டும். ஒவ்வொரு கிலோ எடைக்கும் எவ்வளவு தோல் என்று வகுத்துப் பார்த்தால் குழந்தைக்குத் தாயைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வருகிறது. பெரிய பானைச் சோறு மெல்ல ஆறுவதும் கிண்ணத்தில் எடுத்து வைத்த சோறு சட்டென ஆறுவதும் இதே கணக்குத்தான். போதாததற்குக் குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பு குறைவு. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் இன்னும் வந்திருக்காது.

அந்தக் குறையை ஈடுகட்ட இயற்கை ஒரு தனி ஏற்பாடு செய்து அனுப்புகிறது. தோள்பட்டை எலும்புகளின் நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் சிறுநீரகங்களை ஒட்டியும் குழந்தைக்குப் பழுப்புக் கொழுப்பு என்ற திசு இருக்கிறது. சாதாரணக் கொழுப்பு சேமிப்புக்கிடங்கு. பழுப்புக் கொழுப்போ அடுப்பு. அதன் செல்கள் எரிபொருளின் ஆற்றலை வேறு வேலைக்குத் திருப்பாமல் அப்படியே வெப்பமாக விடுகின்றன. ஆனால் இந்த அடுப்பு எரிய ஆக்ஸிஜனும் வேண்டும், பாலும் வேண்டும். இரவெல்லாம் குளிரில் கிடக்கும் குழந்தை குடித்த பாலில் ஒரு பங்கைச் சூட்டுக்கே செலவழிக்கிறது. எடை கூடுவது அதனாலும் தாமதப்படும்.

வெப்பம் போகும் வழிகளில் மலைவீட்டில் மிக வேகமானது ஈரம். ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிப்பாட்டிய பின் குழந்தையின் தலையிலும் மடிப்புகளிலும் பத்து கிராம் தண்ணீர், அதாவது இரண்டு தேக்கரண்டி, துடைக்கப்படாமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அது முழுவதும் உடல் சூட்டிலேயே உலர்வதானால் மூன்று கிலோ உடலின் வெப்பத்தை இரண்டு டிகிரிக்கு மேல் இறக்க அதுவே போதும். உடல் தொடர்ந்து வெப்பத்தை உண்டாக்குவதால் அவ்வளவு இறங்காது. ஆனாலும் எவ்வளவு சின்ன அலட்சியம் எவ்வளவு பெரிய இழப்பாகிறது என்பதை அந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. பிறந்து 24 மணி நேரம் கழியும்வரை குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் அடிப்படை இதுதான். மலைக்குடும்பங்களில் பாட்டிமார் குழந்தையை வெயில் ஏறிய பிறகு, அடுப்பங்கரையை ஒட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, காலை நீட்டி அதன்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவதில் ஒரு பிழையும் இல்லை. தலையை முதலில் துவட்டுவது அதைவிடச் சரி. பெரியவர் உடற்பரப்பில் தலையின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு; குழந்தைக்கு ஐந்தில் ஒன்று.

தலையின் இந்தக் கணக்கு முடியிறக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். மேல்மலைக் குடும்பங்களும் குழந்தைக்கு முதல் முடியைப் பழனி முருகனுக்கு இறக்குவதுண்டு. அடிவாரத்தில் மொட்டைத் தலைக்குச் சந்தனம் இதமாக இருக்கும். அன்று மாலையே அறுபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் ஏறி வீடு திரும்பும்போது அதே தலை பன்னிரண்டு டிகிரி குறைவான காற்றில், மயிர்ப்போர்வை இல்லாமல், ஈரச் சந்தனத்தோடு நிற்கிறது. சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் குல்லா போடுவது அலங்காரத்துக்காக அல்ல. அந்தப் பயணத்தில் காதுக்கும் ஒரு சோதனை உண்டு. ஏறும்போது வெளியழுத்தம் குறைகிறது. நடுக்காதில் அடைபட்ட காற்று செவிப்பறையை வெளியே தள்ளுகிறது. இறங்கும்போது இதற்கு மாறாக உள்ளே இழுபடும், வலியும் அப்போதுதான் கூடுதல். விழுங்கும்போது தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலான குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். வளைவுகளில் வீறிடும் குழந்தைக்குப் பால் கொடுத்ததும் அடங்குவது பசியால் மட்டும் அல்ல. மலைப்பாதை வாந்தி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிது. அதற்குமேல் பன்னிரண்டு வயதுவரைதான் அதிகம்.

வீட்டில் குழந்தைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கதகதப்பு தாயின் மார்பு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாத நெருக்கடியில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். பொகோட்டாவும் குளிர்ந்த மலைநகரம்தான், கொடைக்கானலைவிட உயரம். அம்முறை இன்று கங்காரு தாய்ப் பராமரிப்பு என்ற பெயரில் இந்திய அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. மார்போடு மார்பு ஒட்டிக் கிடக்கும்போது குழந்தை சூட்டை இழக்கும் பரப்பில் ஒரு பகுதி, சூடு பெறும் பரப்பாக மாறிவிடுகிறது. தந்தையின் மார்பும் இதற்குப் போதும்.

எத்தனை கம்பளி போர்த்துவது என்பது மலைவீடுகளில் ஓயாத சச்சரவு. கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்து மேலும் மேலும் போர்த்துவார்கள். பச்சிளங்குழந்தையின் கைகால்கள் இயல்பாகவே சற்றுக் குளிர்ந்திருக்கும். உடல் தன் சூட்டை நடுப்பகுதிக்கு ஒதுக்குவதன் அடையாளம் அது. தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் பிடரியும் நெஞ்சும். அங்கே வியர்த்திருந்தால் ஒரு போர்வையை எடுத்துவிட வேண்டும். கனத்த ஒரே போர்வையைவிட மெல்லிய சட்டைகள் இரண்டு மூன்று நல்லது. சூட்டைத் தடுப்பது துணியைவிடத் துணிகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. முகத்தை மூடும் தளர்ந்த கம்பளி எந்தக் குளிரைவிடவும் ஆபத்தானது.

தூளியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உத்தரத்திலிருந்து தொங்கும் பழைய நூல்சேலை ஓர் ஊசல். ஊசலின் ஆட்டத்துக்கு எடுக்கும் நேரம் தொங்கும் நீளத்தைப் பொறுத்தது; குழந்தையின் எடையோ, ஆட்டுபவரின் அவசரமோ அதை மாற்றுவதில்லை. இரண்டு மீட்டர் நீளத் தூளி ஒருமுறை போய்வர 2.8 விநாடி ஆகும். நிமிடத்துக்கு இருபத்தொரு ஆட்டம். அம்மா ஆட்டினாலும் ஆறு வயது அண்ணன் ஆட்டினாலும் அதே தாளம். இத்தகைய சீரான அசைவு உள்காதின் சமநிலை உறுப்பு வழியாகக் குழந்தையை அமைதிப்படுத்துகிறது. தாய் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் குழந்தையின் அழுகை குறைந்து இதயத்துடிப்பும் தணிவதை ஜப்பானில் குமி குரோடாவின் குழு 2013-இல் அளந்து காட்டியது. 2022-இல் அதே குழு இன்னொன்றையும் சொன்னது: ஐந்து நிமிடம் தூக்கி நடந்து, உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து அதன்பின் கிடத்தினால் விழிப்பது குறைவு. தூங்கிய மறுகணம் பாயில் கிடத்திப் பார்த்துத் தோற்ற வீடுகளுக்கு இது பயனுள்ள செய்தி.

குளிரிடத்தில் தூளிக்கு ஒரு குறை உண்டு. பாய் தரையின் குளிரைத் தடுக்கிறது. இழுபட்ட ஒற்றைச் சேலையோ முதுகுக்கும் கீழே நகரும் காற்றுக்கும் இடையில் எதையும் நிறுத்துவதில்லை. அடியில் மடித்துப் போடும் கம்பளி அதனால்தான். முகவாய் மார்பில் மடங்கிக் கிடந்தால் சின்னஞ்சிறு மூச்சுக்குழல் நெரிபடும். கழுத்து நிற்காத மாதங்களில் தூளியில் கிடக்கும் குழந்தை கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். இரவு நெடுந்தூக்கத்துக்குத் தட்டையான படுக்கையில் மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு. சற்றுப் பெரிய பிள்ளைகள் விளையாட்டாகத் தூளியில் சுற்றிக்கொள்வதில் கழுத்து இறுகும் அபாயமும் உண்டு. பயன்படுத்தாத நேரத்தில் அதை எடுத்து மேலே கட்டிவிடுவது நல்ல வழக்கம்.

அடுப்படிக்கு வந்தால் அழுத்தத்தின் ஆட்சி. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு போட்டாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. அரிசியின் மாவுச்சத்து 65 முதல் 75 டிகிரிக்குள் குழையத் தொடங்குவதால் சோறு கொஞ்சம் கூடுதல் நேரத்தில் வெந்துவிடும். துவரம்பருப்பின் கதை வேறு. அதன் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைய நல்ல சூடு வேண்டும்; ஏழு டிகிரி குறைந்தால் நேரம் வெகுவாக நீள்கிறது. ஆறு மாதம் முடிந்து பருப்புசாதம் ஆரம்பிக்கும் குழந்தைக்கு நறநறவென்று நிற்கும் பருப்பு ஆகாது. பிரஷர் குக்கர் இங்கே வசதிப் பொருள் என்பதைத் தாண்டிக் குழந்தைக்கான கருவியாகிறது. குக்கரின் விசில் எடை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவைத்தான் கூட்டும்; வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் சென்னையில் 120 டிகிரி காணும் குக்கர் கொடைக்கானலில் 116-ஐத்தான் தொடும். கீழே மூன்று விசிலில் வெந்தது இங்கே நாலைந்து கேட்பதன் காரணம் அந்த நான்கு டிகிரி.

குடிக்கும் தண்ணீர் குறித்து ஒரு பயம் தேவையில்லை. 93 டிகிரி நோய்க்கிருமிகளைக் கொல்லத் தாராளமாகப் போதும். ஆனாலும் சுமார் 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடச் சொல்வது பொதுவான மருத்துவ அறிவுரை. கொடைக்கானல் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே வருகிறது. கொதிநீர் ஒன்றும் செய்ய முடியாத உயிரும் உண்டு. தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இருக்கும். பெரியவர் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும். இந்நோய் 1976-இல்தான் தனியாக அடையாளம் காணப்பட்டது. பளியர் பாறை இடுக்குகளிலிருந்து எடுத்துவரும் மலைத்தேன் அருமையானது. அதன் தூய்மை பற்றிய கேள்வியே இதில் இல்லை. பிறந்ததும் குடும்பத்துப் பெரியவர் நாவில் சேனை வைக்கும் வழக்கத்தில் அந்தத் தேன் மட்டும் வேண்டாம். பெரியவர் கைப்பட முதல் ஆசி கிடைக்க, குழந்தையைத் தூக்கி நெற்றியில் முத்தமிடுவதே நிறைவு.

இட்லி மாவு பொங்க 28 முதல் 32 டிகிரி உகந்தது. பதினைந்து டிகிரி அடுப்படியில் இரவு வைத்த மாவு காலையில் அப்படியே இருக்கும். பால் தயிராவதற்கு இன்னும் அதிகச் சூடு, நாற்பது டிகிரியை ஒட்டி, வேண்டும். கம்பளியில் சுற்றுவது, அரிசிப் பானைக்குள் புதைப்பது, ஹாட்பாக்ஸில் வைப்பது, அணைந்த அடுப்பின் மேல் வைப்பது எல்லாமே சூட்டைப் பிடித்துவைக்கும் உத்திகள். குழந்தைக்குச் செய்வதும் மாவுக்குச் செய்வதும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. மலையில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் வேகவைத்து மசித்துக் கொடுக்க ஏற்றவை. பச்சைக் கேரட் துண்டு மட்டும் நான்கு வயதுவரை தொண்டையை அடைக்கும் பொருள்.

இத்தனையும் சூட்டைக் காக்கும் முயற்சிகள். மலைவீட்டின் உண்மையான ஆபத்து இந்த முயற்சியின் மறுபக்கத்தில் இருக்கிறது. குளிர் உள்ளே வராமல் இருக்க ஜன்னல் அடைக்கப்படுகிறது. அதே அறையில் வாட்டில் விறகோ தைலமரக் கட்டையோ எரிகிறது. அடுப்பருகே கதகதப்பாக இருக்கிறதென்று குழந்தையும் அங்கேயே கிடத்தப்படுகிறது. விறகுப்புகையில் தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த துகள்கள் ஏராளம். அவை மூக்கில் தங்காமல் நுரையீரலின் கடைசி அறைகள்வரை போகின்றன. ஒருநாள் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இவை 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வரையறை. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரியும் அறையில் அது பல நூறைத் தொடும். குழந்தை தன் எடைக்குப் பெரியவரைவிட இரு மடங்குக்கும் மேல் காற்றை இழுக்கிறது; துகளும் அதே கணக்கில் உள்ளே போகிறது.

குவாத்தமாலாவின் குளிர்மலைகளில் கர்க் ஸ்மித் என்ற அறிவியலாளரின் குழு நடத்திய ஆய்வு இங்கே பொருத்தமானது. திறந்த அடுப்புள்ள வீடுகளில் ஒரு பகுதிக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கட்டிக்கொடுத்து, ஒன்றரை வயதுவரை குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2011-இல் வெளிவந்த முடிவு நேர்மையானது. குழந்தைகள் சுவாசித்த புகை பாதியாகக் குறைந்தது. மொத்த நிமோனியா எண்ணிக்கையில் ஐயத்துக்கிடமில்லாத வீழ்ச்சி தெரியவில்லை. ஆனால் இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும் கடுமையான நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிள்ளைகளின் உயிரைப் பறிப்பது அந்தக் கடுமையான வகைதான். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் சமையல் எரிவாயு ஏழை வீடுகளுக்கும் சென்றிருக்கிறது. மலையிலோ சமையல் முடிந்தபிறகும் அடுப்பு எரிகிறது. கீழே சமைக்க மட்டும் வேண்டிய தீ, இங்கே குளிர்காயவும் வெந்நீர் போடவும் துணி உலர்த்தவும் வேண்டியிருக்கிறது. எரிவாயு வந்தும் விறகு ஒழியாததை மக்களின் அறியாமை என்று சொல்வது தவறு. புகைபோக்கியும், கூரையோரம் ஒரு கை அகலத் திறப்பும், எரியும் நேரத்தில் குழந்தை அடுத்த அறையில் இருப்பதும் இன்றே கைக்கு எட்டுபவை.

கரிச்சட்டி இன்னும் கொடியது. கனலும் கரியில் புகை தெரியாது. அதனால் அது பாதுகாப்பு என்று தோன்றும். அடைத்த அறையில் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றுகிறது. வேகமாக மூச்சு விடும் குழந்தையை அது முதலில் தாக்குகிறது. ஏற்கெனவே ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த மலைக்காற்று விளைவை இன்னும் கடுமையாக்குகிறது. படுக்கையறையில் இரவு கரிச்சட்டி கூடவே கூடாது. குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மணம் இனியது, துகள் துகள்தான்.

மூச்சு சரியாக இருக்கிறதா என்று அறிய வீட்டுக்குள்ளேயே ஒரு வழி உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறியிறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 ஆகிய எண்களை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. கீழ் விலாப்பகுதி உள்ளே குழிவதும், பால் குடிக்க முடியாமல் போவதும் எண்ணிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். மேல்மலையில் கடைசிப் பேருந்து போனபின் மருத்துவமனை வெகுதூரம். மாலையிலேயே ஒருமுறை எண்ணிப் பார்ப்பது இரவு எடுக்க வேண்டிய முடிவைப் பகலிலேயே எடுக்க உதவும்.

துணி உலர்த்துவதும் இந்தப் புகைக் கணக்கோடு சேர்ந்தது. முப்பது டிகிரிக் காற்று ஒரு கனமீட்டரில் முப்பது கிராம் நீராவியைத் தாங்கும். பதினைந்து டிகிரிக் காற்று பதின்மூன்று கிராமைக்கூட எட்டாது. ஐப்பசி மழையில் மூடுபனி இறங்கிவிட்டால் காற்று நிறைந்து, கொடியில் போட்ட அரைத்துணி இரண்டு நாளானாலும் பிசுபிசுக்கும். அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில் அது உலரும், புகையையும் ஏற்றிக்கொள்ளும். அடுப்பில்லாத நேரத்தில் இஸ்திரிப்பெட்டியால் கடைசி ஈரத்தை விரட்டுவது மேல். ஈரத்துணி குழந்தையின் இடுப்பில் இருக்கும்வரை குளியல் முடியாததற்குச் சமம்.

வெயில் வந்த நாளில் திண்ணையில் எண்ணெய் தேய்த்துக் கிடத்துவார்கள். கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்குப் பத்து டிகிரி வடக்கே இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் உயர எழுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் என்று புறஊதாக்கதிர் உயரத்தோடு கூடவும் செய்கிறது. குளிர்வதால் வெயில் சுடாததுபோல் தோன்றும். கன்னம் கறுத்துத் தோல் உரிவது பிறகு தெரியும். வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் சூரியன் உயர்ந்து, நிழல் ஆளைவிடக் குட்டையாகும் நேரத்தில்தான் தரையை எட்டுகிறது. இளவெயில் சூடு தரும், அந்த வைட்டமினை அதிகம் தராது. மழைமாதங்களில் மேகம் அதையும் மறைக்கும். பிறந்ததிலிருந்து ஒரு வயதுவரை தினமும் 400 அலகு வைட்டமின் டி சொட்டுமருந்து தருமாறு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சொல்வது சமவெளிக்கும் மலைக்கும் பொதுவானது. மூடுபனி ஊர்களில் அதைத் தவறவிடாதிருப்பது இன்னும் முக்கியம். தைமாதம் காலை ஒன்பது மணிக்குப் புல்லில் உறைந்த வெண்பனி கரைந்து, மண் சூடேறிய பிறகு தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டால், குல்லாவும் கால்சட்டையும் போதும். அந்நேரத்தில் வீட்டின் எல்லா ஜன்னல்களையும் திறந்து இரவின் காற்றை வெளியேற்றிவிடலாம்.